ஜெர்மன் ராப் காணொளிகளில் இறைநம்பிக்கையும் குடும்பமும்

ஜெர்மன் ராப் காணொளிகளில் மூன்று காட்சிகள் அடுத்தடுத்து வருவது வழக்கம். பாடகரின் விரல்களில் தஸ்பீஹ் மணிகளோ கழுத்தில் சிலுவையோ தெரியும். பிறகு தாயின் கையை முத்தமிடும் காட்சி. அதையடுத்து நண்பர் கூட்டமும் விலையுயர்ந்த காரும் நெடிதுயர்ந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளும். சட்டத்தோடு மோதும் வாழ்க்கையைப் பெருமையாகப் பாடும் ஒருவர், அதே நான்கு நிமிடங்களுக்குள் கடவுளுக்கும் பெற்றோருக்கும் கட்டுப்பட்டவராக நிற்கிறார். இது உண்மையான பக்தியா, புலம்பெயர்ந்த சமூகத்தின் அடையாளமா, விற்பனைக்கான வேடமா, சமூகத்துக்கு எச்சரிக்கையா என்ற கேள்விக்கு 1990களிலிருந்தே வெவ்வேறு விடைகள் சொல்லப்பட்டுவருகின்றன.

இந்தக் கேள்விக்கு ஜெர்மனியில் தனிப்பட்ட கூர்மை உண்டு. அங்கே கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் திருச்சபைகள் இரண்டிலும் உறுப்பினர் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைகிறது. 2022இல் இரண்டையும் சேர்த்தாலும் மக்கள்தொகையில் பாதிக்குக் கீழே போய்விட்டது. மறுபுறம், நாட்டில் வாழும் முஸ்லிம்கள் 53 முதல் 56 லட்சம் பேர் என்று கூட்டாட்சி அரசின் குடியேற்ற அலுவலகம் 2021இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. மதம் வீட்டுக்குள் இருக்கவேண்டிய சொந்த விஷயம் என்று பெரும்பான்மையோர் எண்ணத் தொடங்கிய காலத்தில்தான், இளைஞர்கள் அதிகம் கேட்கும் இசைவகை கடவுளின் பெயரை வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கியது.

அமெரிக்காவிலிருந்து வந்த விளக்கங்கள்

ஹிப்-ஹாப்பில் மதம் பிற்காலத்தில் ஒட்டவைக்கப்பட்டதல்ல. 1964இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கிளாரன்ஸ் 13எக்ஸ் தொடங்கிய ‘ஃபைவ் பெர்சென்டர்ஸ்’ இயக்கத்தின் சொற்கள் ராகிம், பிராண்ட் நூபியன் போன்றோரின் வரிகளில் கலந்திருந்தன. கிறித்தவப் பக்கத்தில் ஸ்டீஃபன் வைலி 1985இல் வெளியிட்ட ‘பைபிள் பிரேக்’ முன்னோடியாகக் கருதப்படுகிறது. குடும்பப் பாசத்துக்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் சுட்டும் பாடல், டூபாக் ஷகூர் தம் தாய் அஃபேனி ஷகூருக்காக 1995இல் வெளியிட்ட ‘டியர் மாமா’. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2010இல் அதைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது.

இவற்றை விளக்கிய இரு கருத்துகள் பின்னர் ஐரோப்பிய ஆய்வாளர்களையும் பாதித்தன. 2003இல் ‘நாய்ஸ் அண்ட் ஸ்பிரிட்’ என்ற தொகுப்பை வெளியிட்ட ஆந்தனி பின், வாழ்வின் பொருளைத் தேடும் போராட்டமே மதம் என்று விரித்துப் பார்த்தார். அப்படிப் பார்த்தால் கடவுளை மறுக்கும் ராப் பாடலும் மத ஆய்வுக்குள் வந்துவிடும். 2013இல் மோனிகா மில்லர் இதை எதிர்த்தார். பாடலுக்குள் புதைந்திருக்கும் பக்தியைத் தோண்டுவதைவிட, சிலுவை, தொழுகை, ‘ஆமென்’ என்ற சொல் போன்ற அடையாளங்கள் அந்த இடத்தில் என்ன வேலை செய்கின்றன என்று கேட்பதே பயனுள்ளது என்பது அவர் நிலை. காணொளியை ஆராய்வோருக்கு மில்லரின் வழி கூடுதலாக உதவுகிறது. கன்யே வெஸ்டின் ‘ஜீசஸ் வாக்ஸ்’ என்ற 2004ஆம் ஆண்டுப் பாடலுக்கு மூன்று தனித்தனிக் காணொளிகள் எடுக்கப்பட்டன. பாடல் ஒன்றே, காட்சிகள் மாறும்போது அந்த நம்பிக்கை யாரை நோக்கிப் பேசுகிறது என்பதும் மாறிவிடுகிறது. வரிகளை மட்டும் படித்து முடிவு கட்டுவோர் இதைக் கவனிப்பதில்லை.

இந்த விளக்கங்களை ஜெர்மனிக்கு அப்படியே கொண்டுவருவதில் இடர் உண்டு. கறுப்பினத் திருச்சபை என்ற நூற்றாண்டுப் பாரம்பரியம் அங்கே பாடகர்களுக்குப் பின்னால் இல்லை. ஹிப்-ஹாப் அமெரிக்கப் படைத்தளங்கள் வழியாகவும், ஜெர்மன் பொதுச்சேவைத் தொலைக்காட்சியான இசட்டிஎஃப் பங்கு முதலீடு செய்த ‘வைல்ட் ஸ்டைல்’ போன்ற திரைப்படங்கள் வழியாகவும் 1980களில் வந்துசேர்ந்தது. அதை முதலில் கையிலெடுத்தவர்களில் பலர் துருக்கி, குர்து, ஆப்பிரிக்க, கரீபிய வேர்கொண்ட குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களுடைய கடவுளும் குடும்பமும் வேறொரு வரலாற்றைச் சேர்ந்தவை.

எரிக்கப்பட்ட வீடுகளும் அடையாள விளக்கமும்

அந்த வரலாறு 1961 அக்டோபர் 30 அன்று மேற்கு ஜெர்மனியும் துருக்கியும் செய்துகொண்ட தொழிலாளர் ஒப்பந்தத்தில் தொடங்குகிறது. ‘விருந்தாளித் தொழிலாளி’ என்று அழைக்கப்பட்டவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்று அரசு எண்ணியது. அவர்கள் குடும்பங்களை அழைத்துக்கொண்டார்கள். 1973இல் ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்ட பின், குடும்பமாகச் சேர்வதே புதிதாக வருவதற்கான முக்கிய வழியாயிற்று. ஆகவே அங்கே குடும்பம் என்பது வேர்விட்டு நிற்பதற்கான சட்டவழியாகவும் இருந்தது.

இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு வெறுப்பு அந்தக் குடும்பங்களின் வீட்டு வாசலுக்கே வந்தது. 1992 நவம்பர் 23 அன்று மோல்ன் நகரில் தீவைக்கப்பட்ட வீட்டில் அர்ஸ்லான் குடும்பத்தின் பாட்டி ஒருவரும் இரு சிறுமிகளும் இறந்தனர். 1993 மே 29 அன்று சோலிங்கனில் கென்ச் குடும்பத்துப் பெண்களும் சிறுமிகளுமாக ஐந்து பேர் எரிந்து மாண்டனர். இரண்டு மகள்களையும் இரண்டு பேத்திகளையும் பறிகொடுத்த மெவ்லூதெ கென்ச், பழிவாங்கல் வேண்டாம், ஒற்றுமை வேண்டும் என்று கேட்டுக்கொண்டு 2022இல் மறையும்வரை அந்தக் குரலை மாற்றவில்லை.

ஜெர்மன் ராப்பில் குடும்பம் இவ்வளவு கனமான சொல்லாக இருப்பதை இந்த மரணங்களைத் தள்ளிவைத்துவிட்டுப் புரிந்துகொள்ள இயலாது. 1992இல் ஹைடல்பெர்க் நகரின் ‘அட்வான்ஸ்டு கெமிஸ்ட்ரி’ குழு வெளியிட்ட, ‘சொந்த நாட்டில் அந்நியன்’ என்று பொருள்படும் பாடல், ஜெர்மன் கடவுச்சீட்டு இருந்தும் அந்நியராக நடத்தப்படுவோரின் கோபத்தைப் பதிவு செய்தது. 1995இல் நியூரன்பெர்க், கீல், பெர்லின் நகரங்களின் கலைஞர்கள் சேர்ந்து ‘கார்டெல்’ என்ற பெயரில் துருக்கி மொழியில் ராப் தொகுப்பை வெளியிட்டனர். பிறையையும் நட்சத்திரத்தையும் நினைவூட்டிய அதன் சின்னம் துருக்கியில் பெரும் வரவேற்புப் பெற்றது. தேசியவாதிகள் அதைத் தமதாக்கிக்கொள்ளவும் முயன்றனர். குழுவில் துருக்கியர் அல்லாதவர்களும் இருந்தார்கள் என்பதை அந்தத் தேசியவாதிகள் பொருட்படுத்தவில்லை.

இதற்கும் முன்பே, 1980களின் பிற்பகுதியில் பெர்லின் க்ராய்ட்ஸ்பெர்க்கில் தோன்றிய ‘இஸ்லாமிக் ஃபோர்ஸ்’ குழுவின் பெயர் பலரைத் திடுக்கிடவைத்தது. மதப் பிரச்சாரம் அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை. தங்களைப் பற்றிய முன்முடிவுகளைச் சீண்டுவதற்கே அந்தப் பெயர். பெர்லின் துருக்கி இளைஞர்களிடையே களஆய்வு செய்து 2001இல் நூல் வெளியிட்ட ஆய்ஹான் கயா, இதை முக்கியச் சான்றாக எடுத்துக்கொள்கிறார். இங்கே ‘முஸ்லிம்’ என்பது வெளியார் ஒட்டிய பட்டம்; அதையே எடுத்து அணிந்துகொண்டு திருப்பிக் காட்டுகிறார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். 2002இல் முராத் குங்கோரும் ஹான்னஸ் லோவும் எழுதிய ‘ஃபியர் ஆஃப் எ கனாக் பிளானெட்’ ஜெர்மன் ராப்பின் வரலாற்றையே குடியேறியோர் பக்கமிருந்து திருத்தி எழுதியது. நடுத்தர வர்க்க ஜெர்மன் இளைஞர்களின் வேடிக்கை ராப்பை 1990களின் இசைத்துறை முன்னிறுத்தியபோது, இந்தப் பிள்ளைகளின் கதைகள் ஓரங்கட்டப்பட்டன என்று அவர்கள் காட்டினர்.

இந்த மரபில் மதமும் குடும்பமும் ஒரே பெயரில் சேர்ந்து வந்த தருணம் 2001. முந்தைய ஆண்டு ஜூன் மாதம் டெஸ்ஸாவ் நகரப் பூங்காவில் மொசாம்பிக்கைச் சேர்ந்த அல்பெர்டோ அட்ரியானோவை நவநாஜி இளைஞர்கள் அடித்துக் கொன்றிருந்தனர்; அவர் மூன்று பிள்ளைகளின் தந்தை. அவர் நினைவாக ஆப்பிரிக்க வேர்கொண்ட கலைஞர்கள் ஒன்றுகூடி ‘பிரதர்ஸ் கீப்பர்ஸ்’ என்ற பெயரில் பாடினார்கள். தன் சகோதரனுக்குத் தான் காவலாளியா என்று காயீன் கடவுளிடம் கேட்கும் ஆதியாகமக் காட்சியிலிருந்து வந்த பெயர் அது. இரத்த உறவில்லாத ஒருவரின் சாவுக்கு ஒரு தலைமுறையே சகோதரர்களாகப் பொறுப்பேற்றதை ஜெர்மன் ராப்பின் மிக உயர்ந்த தருணங்களில் ஒன்றாகக் கொள்ளலாம். 2020 பிப்ரவரி 19 அன்று ஹனாவ் நகரில் இனவெறியன் ஒருவன் ஒன்பது பேரைச் சுட்டுக்கொன்றபோதும் இதே மரபு தொடர்ந்தது. அந்நகரின் ராப் பாடகர் அஸி மேமோ பல கலைஞர்களைச் சேர்த்து, ‘விழித்திருக்கிறாயா’ என்று பொருள்படும் பாடலை வெளியிட்டார்.

அடையாள விளக்கத்தின் பலம், மதத்தையும் குடும்பத்தையும் அவை நின்ற இடத்திலேயே வைத்துப் பார்ப்பது. அதன் குறையும் அதிலேயே இருக்கிறது. எல்லாமே வெளியாரின் பார்வைக்கு எதிர்வினை என்றால், தொழும் பாடகருக்குத் தொழுகை உண்மையிலேயே என்னவாக இருக்கிறது என்ற கேள்வியே எழாமல் போகிறது. கயாவின் களஆய்வு நடந்த காலத்தில் இது பெரிய குறையாகத் தெரிந்திருக்காது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு வளர்ந்த தலைமுறையில் மத ஈடுபாடு வெளிப்படையாகப் பேசப்பட்டபோது அந்த இடைவெளி தெளிவாகத் தெரிந்தது.

மன்ஹைமின் கிறித்தவக் குரல்

பக்தியை மறைக்காமல் பாடி ஜெர்மனி முழுவதையும் கேட்கவைத்த முதல் பெரும் குரல் ஒரு கிறித்தவருடையது. 1971இல் மன்ஹைமில் பிறந்த சேவியர் நைடூ, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த பெற்றோரின் மகன். தந்தைவழி இந்திய வேரை அவர் குடும்பப் பெயரே சொல்லும். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களோடு தென்னாப்பிரிக்கா சென்ற நாயுடு என்ற பெயரின் அந்நாட்டு வடிவம் அது. கத்தோலிக்கராக வளர்ந்து தேவாலயப் பாடகர் குழுவில் பாடிய அவர், பிராங்பேர்ட்டின் ராப் தயாரிப்பாளர் மோசஸ் பெல்ஹாமின் பட்டறையிலிருந்து 1998இல் முதல் தனித் தொகுப்பை வெளியிட்டார். ராப்பும் சோல் இசையும் விவிலியச் சொற்களும் கலந்த அது பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது. 2006 உலகக் கோப்பையின்போது ஜெர்மன் கால்பந்து அணி அவருடைய ‘டீசர் வேக்’ பாடலைத் தன் பாடலாக ஏற்றுக்கொண்டது. 2012இல் ராப் பாடகர் கூல் சாவாஸுடன் ‘சாவாஸ்’ என்ற இரட்டையராக வந்தபோது ராப் ரசிகர்களும் அவரைக் கொண்டாடினார்கள்.

நைடூவின் பக்தியை விமர்சகர்கள் நீண்டகாலம் மிகையுணர்ச்சி என்ற அளவில் மட்டுமே குறை கூறினர். 2015 நவம்பரில் என்டிஆர் ஒலிபரப்பு நிறுவனம் அவரை அடுத்த யூரோவிஷன் போட்டிக்கு அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களில் திரும்பப் பெற்றது. 2017இல் அவரது ‘சோனெ மன்ஹைம்ஸ்’ குழு வெளியிட்ட ‘மரியொனெட்டன்’ பாடல் அரசியல்வாதிகளைப் பொம்மைகளாகக் காட்டிச் சதிக் கோட்பாட்டு மொழியில் பேசியதாகக் கண்டிக்கப்பட்டது. 2020இல் தொலைக்காட்சி நடுவர் பதவியை இழந்தார். 2022 ஏப்ரலில் காணொளி ஒன்றில் மன்னிப்புக் கேட்டார்.

ஆய்வுலகுக்கு இதில் கவனிக்கத்தக்க பாடம் இருக்கிறது. சிலுவையும் பிறையும் ஒரே அளவுகோலால் அளக்கப்படவில்லை. கிறித்தவ அடையாளம் ஆபத்தற்ற பழக்கமாகவும், இஸ்லாமிய அடையாளம் விளக்கம் கேட்கவேண்டிய ஒன்றாகவும் பார்க்கப்பட்டது. முதிர்ந்த சதிக் கோட்பாடு ஒரு தேவாலயக் குரலிலிருந்து வெளிப்பட்டபோது பலர் திகைத்ததற்கு இந்தச் சமமின்மையே காரணமாக இருக்கக்கூடும்.

தாயும் தெருவும்

2001இல் தொடங்கிய ‘அக்ரோ பெர்லின்’ நிறுவனத்தோடு கேங்ஸ்டா ராப் ஜெர்மன் சந்தையின் நடுவுக்கு வந்தது. குடும்பப் பாசம் தனியொரு பாடல் வகையாகவே நிலைபெற்றதும் இந்தக் காலத்தில்தான். முரட்டுப் பாடல்கள் நிறைந்த தொகுப்பில் தாய்க்கான பாடல் ஒன்று, தந்தை இல்லாத குழந்தைப் பருவம் பற்றி ஒன்று, இறைவனிடம் மன்னிப்புக் கேட்பது ஒன்று என்ற அமைப்பு பரவலாயிற்று.

இதற்கான சமூகவியல் விளக்கத்தை கேப்ரியேலெ க்ளைனும் மால்டெ ஃபிரீட்ரிக்கும் 2003இல் எழுதிய நூலில் காணலாம். ஹிப்-ஹாப்பில் ‘உண்மைத்தன்மை’ என்பது ஏற்கெனவே இருக்கும் ஒன்று அல்ல; ஒவ்வொரு நகரிலும் அமெரிக்கப் படிமங்களை மீண்டும் நடித்துக்காட்டி உருவாக்கப்படுவது என்றார்கள் அவர்கள். மார்க் டீட்ரிக்கும் மார்ட்டின் சீலிகரும் 2012இல் தொகுத்த நூல் இதைக் கேங்ஸ்டா ராப்புக்கு விரித்தது. இந்தக் கோணத்தில் தாய் ஒரு சாட்சி. மகன் எங்கிருந்து வந்தான், எதை இழந்தான், செல்வம் வந்தபின் யாரை மறக்கவில்லை என்பதற்கு அவள் நிற்பதே போதுமான ஆதாரமாகிறது. கடவுளும் அப்படியே: உலகத்தின் தீர்ப்பை ஏற்காதவன் கடவுளின் தீர்ப்பை மட்டும் ஏற்கிறான்.

ராப் பாடகர் புஷிடோவின் வாழ்க்கை இந்த விளக்கத்துக்கு அடிக்கடி எடுத்துக்காட்டாகிறது. 1978இல் பான் நகரில் அனிஸ் ஃபெர்ச்சிச்சி என்ற இயற்பெயரோடு பிறந்த அவர், துனீசியத் தந்தை விட்டுச்சென்றபின் ஜெர்மன் தாயால் பெர்லினில் வளர்க்கப்பட்டவர். 2010இல் அவரது வாழ்க்கைக் கதை திரைப்படமானது. 2011இல் ‘ஒருங்கிணைப்பு’க்கான பாம்பி விருது பெரும் எதிர்ப்புக்கிடையே அவருக்கு அளிக்கப்பட்டது. ‘சன்னி பிளாக்’ தொகுப்பை இளையோருக்கு ஊறு விளைவிப்பது என்று பட்டியலிட்டதைக் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2019இல் உறுதி செய்தது. குடும்பத் தந்தை, விருதாளர், தடைப்பட்டியல் பாடகர் ஆகிய மூன்றும் ஒருவரே. ஓஃபன்பாக்கில் பிறந்த ராப் பாடகர் ஹாஃப்ட்பெஃபேல் பற்றிய 2025ஆம் ஆண்டு நெட்ஃபிளிக்ஸ் ஆவணப்படமோ, தந்தையின் தற்கொலை ஒரு மகனை எப்படித் தொடர்ந்து அழித்தது என்பதை மறைக்காமல் காட்டியது. அதைப் பார்ப்பவருக்கு ‘வெறும் வேடம்’ என்ற விளக்கம் போதாது.

நடிப்பு என்பதால் பொய் என்று ஆகிவிடாது. சடங்கும் செய்துகாட்டல்தான், அதைச் செய்பவர் நம்புகிறாரா என்பது வேறு கேள்வி. எல்லாவற்றையும் விற்பனைக்கான வேடமாகக் காணும் சந்தை விளக்கத்தை முன்வைப்போர் இந்த வேறுபாட்டைச் சில வேளை விட்டுவிடுகிறார்கள்.

போதனையாகும் ராப்

மதமே நோக்கமாகப் பாடுவோர் தனி வகை. எத்தியோப்பியாவில் பிறந்து பிராங்பேர்ட்டில் வாழ்ந்து இஸ்லாத்தைத் தழுவிய அம்மார்114 தம் பெயரிலேயே குர்ஆனின் 114 அத்தியாயங்களைச் சுமப்பவர். பத்திரிகையாளர் யூலியா கெர்லாக் 2006இல் இத்தகைய இளைஞர் பண்பாட்டுக்குப் ‘பாப் இஸ்லாம்’ என்று பெயரிட்டார். மருதா ஹெர்டிங் 2013இல் ஐரோப்பிய அளவில் அதை ஆராய்ந்தார். பக்தியும் நவீன உடையும் நகைச்சுவையும் ராப்பும் ஒன்றோடொன்று பொருந்தும் என்று காட்டுவதே அந்த இளைஞர்களின் விருப்பம் என்பது இருவரின் கண்டடைவு. கிறித்தவத் தரப்பில் மியூனிக்கின் ஓ’ப்ரோஸ் இரட்டையர் உடன்பிறந்தவர்கள். அங்கே குடும்பமே இசைக்குழு. இவ்வகைப் பாடல்களில் உள்ளத்தின் முரண் குறைவு, செய்தி தெளிவு. அதனாலேயே ஆய்வாளர்களின் கவனமும் குறைவாக இருக்கிறது.

ஆபத்தின் கோணம்

2010க்குப் பின் விவாதத்தின் தொனியை மாற்றியவர் டெனிஸ் குஸ்பெர்ட். ‘டெசோ டாக்’ என்ற பெயரில் பெர்லினில் கேங்ஸ்டா ராப் பாடிய அவர், 2010இல் அதைக் கைவிட்டு சலஃபி பிரச்சாரகரானார். பின் சிரியா சென்று இஸ்லாமிய அரசு அமைப்பின் ஜெர்மன் மொழிப் பிரச்சார முகமானார். 2015இல் அமெரிக்கா அவரைப் பயங்கரவாதியாக அறிவித்தது. 2018 ஜனவரியில் கொல்லப்பட்டதாகச் செய்தி வந்தது. ராப்பில் வரும் மதச் சொற்கள் வன்முறைக்கான வாசல் என்று கருதுவோர் இவரையே சுட்டுகிறார்கள். ஆனால் தீவிரப் பாதைக்குப் போனதும் அவர் முதலில் துறந்தது ராப்பைத்தான். இசைக்கருவி இல்லாத நஷீத் பாடல்களுக்கு மாறினார். அவர் கதை ராப்பை விட்டு விலகிப் போனதன் கதையாகவே கூடுதலாகத் தெரிகிறது.

காணொளியைப் பொறுத்தவரை இதைவிடத் தீர்க்கமான சான்று கோலேகாவின் ‘அப்போகலிப்ஸெ’. பதினைந்து வயதில் இஸ்லாத்தைத் தழுவிய ஃபெலிக்ஸ் ப்ளூமெ என்ற அந்தப் பாடகர் 2016இல் வெளியிட்ட நீண்ட காணொளி, நன்மைக்கும் தீமைக்குமான இறுதிப் போரைக் காட்டுகிறது. தீமையின் ஆள் ஒருவன் தாவீது நட்சத்திர மோதிரம் அணிந்திருப்பதையும், போர் முடிந்து மதத்தார் சேர்ந்து வாழும் புதிய உலகில் யூதர் பெயர் இல்லாததையும் விமர்சகர்கள் எடுத்துக்காட்டினர். மத நல்லிணக்கம் போலத் தோன்றும் முடிவுக் காட்சியில் ஒரு மக்களினமே இல்லாமல் போகிறது. ஜெர்மன் மண்ணில் அப்படியொரு படிமத்தை எந்தச் சாக்கும் சொல்லி ஏற்க முடியாது. 2018 ஏப்ரலில் கோலேகாவுக்கும் ஃபாரித் பாங்குக்கும் ஜெர்மன் இசைத்துறையின் எக்கோ விருது அளிக்கப்பட்டது. அவர்கள் தொகுப்பில் ஆஷ்விட்ஸ் கைதிகளை இழிவாகக் குறிப்பிட்ட வரி இருந்ததால் எழுந்த கொந்தளிப்பில் அந்த விருதே இரு வாரங்களுக்குள் ஒழிக்கப்பட்டது. இஸ்ரேலில் பிறந்த பெர்லின் ராப் பாடகர் பென் சாலமோ, தாம் நடத்திவந்த புகழ்பெற்ற ராப் போட்டி நிகழ்ச்சியை யூத வெறுப்பின் காரணமாக அதே ஆண்டில் கைவிட்டார். தம் யூத வேரை வெளிப்படுத்திய ராப் பாடகர் சன் டியேகோவின் தன்வரலாறும் அவ்வாண்டே வந்தது.

பீலஃபெல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் கேங்ஸ்டா ராப் கேட்பதற்கும் இளையோரின் யூத வெறுப்பு மனப்பான்மைக்கும் தொடர்பு இருப்பதாகக் காட்டினர். எது காரணம், எது விளைவு என்பதை இவ்வகைக் கணக்கெடுப்பால் தீர்மானிக்க முடியாது. இந்தக் கோணம் சொல்லும் ஆபத்து உண்மையானது. ஆனால் அதை மதத்தின் இயல்பாகவோ ராப்பின் இயல்பாகவோ ஆக்கும்போது சான்று போதாமல் போகிறது.

மகள்களின் பதில்

மேலே கண்ட வாதங்கள் எல்லாவற்றிலும் பேசுவோர் பெரும்பாலும் மகன்கள். 1997இல் அசீசா ஏ துருக்கி மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் பாடிய ‘எஸ் இஸ்ட் ட்சைட்’ தொகுப்பு இதை முதலில் உடைத்தது. குடும்ப மானம் என்ற சுமை பெண்ணின் உடலில் ஏற்றப்படுவதை அவர் கேள்விக்குள்ளாக்கினார். குடும்பத்தைத் துறக்கச் சொல்லவில்லை, அதன் விதிகளைப் பெண்ணும் பேசவேண்டும் என்றார். அதே ஆண்டில், இந்தியப் பெற்றோருக்குப் பிராங்பேர்ட்டில் பிறந்த சப்ரினா செட்லூர் காதல் முறிவுப் பாடலால் தரவரிசையின் முதலிடத்தைப் பிடித்தார்.

‘லேடி பிட்ச் ரே’ என்ற பெயரில் வேண்டுமென்றே அதிர்ச்சியூட்டிய ரெய்ஹான் ஷாஹின், முஸ்லிம் பெண்கள் அணியும் தலைத்துணியின் பொருள் பற்றிய முனைவர் பட்ட ஆய்வை 2014இல் நூலாக வெளியிட்டவர். மேடையில் ஆபாசம் என்று பழிக்கப்பட்டவரே, ஆய்வில் தலைத்துணி அணியும் பெண்களின் சொந்த விளக்கங்களைப் பொறுமையாகக் கேட்டுத் தொகுத்தார். மியூனிக்கில் வளர்ந்த அலெவி குர்து ராப் பாடகி ஈபோவ், 2022இல் வந்த ‘ஜானே’ உள்ளிட்ட தொகுப்புகளில் குடும்ப நினைவையும் பெண்கள் மீதான காதலையும் அருகருகே வைக்கிறார். குடும்ப மதிப்பு என்றால் பழமைவாதம் என்று கொள்வோரின் கணக்கு இங்கே பொய்த்துவிடுகிறது.

பெண்ணிய விமர்சனத்தின் வலிமை, கேட்கப்படாமல் கிடந்த ஒரு கேள்வியை எழுப்பியதில் இருக்கிறது. மகன்களின் காணொளிகளில் தாய் பெரும்பாலும் பேசுவதில்லை. உணவு பரிமாறுகிறாள், அழுகிறாள், அணைக்கப்படுகிறாள். ஹனாவ் படுகொலையில் மகன் ஃபெர்ஹாத்தை இழந்த செர்பில் தெமிஸ் உன்வார், 2020இலேயே அவர் பெயரில் கல்வி அமைப்பைத் தொடங்கி இனவெறிக்கெதிராகப் பள்ளிகளில் பேசவைத்தார். வாழ்க்கையில் தாய்மார் இவ்வளவு பேசுகிறார்கள். காணொளியின் தாய் மட்டும் ஏன் வாய்மூடி நிற்கிறாள் என்பதற்குச் சந்தை விளக்கமும் அடையாள விளக்கமும் இன்னும் விடை தரவில்லை.

தமிழ்ப் புலம்பெயர்வோடு ஒப்பிட்டால்

ஜெர்மனியில் ஏறத்தாழ 60,000 ஈழத்தமிழர் வாழ்வதாகக் கூறப்படுகிறது. அவர்களின் பொதுவெளி அடையாளம் பெரும்பாலும் வழிபாட்டிடங்கள் வழியாகவே அமைந்தது: ஹம் நகரில் 2002 ஜூலையில் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயில், ஆகஸ்ட் மாதங்களில் சைவரும் கத்தோலிக்கரும் சேர்ந்து செல்லும் கேவலார் மாதா யாத்திரை. துருக்கி, குர்து இளைஞர்களைப் போல இவர்கள் ஜெர்மன் ராப்பின் முன்வரிசைக்கு வரவில்லை.

தமிழ் ராப்பின் குடும்பப் படிமங்கள் வேறு நாடுகளில் உருவாயின. லண்டனில் பிறந்த ராப் பாடகி எம்.ஐ.ஏ. தம் முதல் தொகுப்புக்கு ஈழப் போராட்ட இயக்கத்தில் தந்தை கொண்டிருந்த அருளர் என்ற பெயரையும், 2007ஆம் ஆண்டுத் தொகுப்புக்குத் தாயின் பெயரான கலாவையும் சூட்டினார். பிற்காலத்தில் தம் கிறித்தவ நம்பிக்கையையும் வெளிப்படையாகச் சொன்னார். 2021 மார்ச்சில் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ காணொளியில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவரான, ராப் பாடகர் அறிவின் பாட்டி வள்ளியம்மாளே தோன்றுகிறார். அங்கே முன்னோரை நினைப்பது மதத்தோடும் நிலத்தோடும் சாதி ஒடுக்குமுறைக்கு எதிரான குரலோடும் பிரிக்கமுடியாமல் கலந்திருக்கிறது. ஜெர்மன் காணொளியின் தாய் மகனின் வெற்றிக்குச் சாட்சி என்றால், இந்தப் பாட்டி ஒரு வரலாற்றின் உரிமையாளர். பெர்லின் ஆய்வுகளின் வகைப்பாடுகள் எதிலும் அவர் அடங்குவதில்லை.

முடிவாகாதவை

அடையாளம், சந்தை, போதனை, ஆபத்து, பெண்ணியம் என்ற ஐந்து விளக்கங்களும் வெவ்வேறு காணொளிகளுக்குப் பொருந்துகின்றன. மோல்ன் முதல் ஹனாவ் வரையிலான வன்முறையைக் கணக்கில் எடுக்கும் அடையாள விளக்கமே இவற்றில் அடித்தளம் வலுவானது என்று கருத இடமுண்டு. பக்தியின் உள்ளடக்கத்தை அது தொடாமல் விடுகிறது என்ற குறையோடு.

தீராத கேள்விகளில் முதலாவது காட்சி பற்றியது. ஆய்வுகள் பெரிதும் பாடல்வரிகளையே படித்திருக்கின்றன. 1993 டிசம்பரில் தொடங்கி 2018 முடிவில் மூடப்பட்ட விவா இசைத் தொலைக்காட்சியின் காலத்துக் காணொளிகளுக்கும், பதிப்புரிமைத் தகராறால் 2009 முதல் 2016 நவம்பர் வரை யூடியூபில் பல பாடல்கள் ஜெர்மனியில் முடக்கப்பட்டிருந்த காலத்துக்கும், இன்றைய கைப்பேசிச் சிறுகாணொளிகளுக்கும் இடையே மத அடையாளங்கள் எப்படி மாறின என்பது முறையாகத் தொகுக்கப்படவேண்டும். ஒரு நிமிடத்துக்குள் முடியும் காணொளியில் தாய்க்கான இடம் சுருங்கியதா, அல்லது அவளே மையமாகிவிட்டாளா என்பதையும் அப்போதுதான் சொல்ல இயலும்.

இரண்டாவது, பார்ப்போர் பற்றியது. தொழுகையை விட்டுவிட்ட இளைஞனுக்கு அந்தக் காட்சி எதை நினைவூட்டுகிறது, தேவாலயத்தையே அறியாத ஜெர்மன் மாணவிக்கு அது என்னவாகத் தெரிகிறது என்பவை தனித்தனியே கேட்டறியப்படவேண்டியவை. மூன்றாவது கேள்வி காட்டப்படுவோரிடமே கேட்கப்படவேண்டியது: மகனின் காணொளியில் நிற்கச் சம்மதித்த தாயும், பள்ளிவாசலைப் படம்பிடிக்க அனுமதித்த இமாமும், திரையில் தம் நம்பிக்கை வந்த விதத்தை ஏற்கிறார்களா? அவர்களை முதன்மைச் சான்றாகக் கொண்டு எழுதப்படும் ஆய்வு, இதுவரையிலான ஐந்து விளக்கங்களையும் திருத்தவேண்டிய நிலையை உருவாக்கக்கூடும்.